நவம்பர் ஒன்றுக்கு முன்னும் பின்னும்

அக்டோபர் 4
மகள் அபியின் அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பக் கட்டுரை இன்னும் கண்ணில் படவில்லை. மொத்தமே 650 சொல்தான். கேட்டால் "எழுதிட்டுதாம்மா இருக்கேன்". ஆகஸ்டிலிருந்து இதே பதில்.

அக்டோபர் 7
இவருடைய நண்பர் சொன்ன கன்சல்டன்ட்டிடம் பேசினோம். முதல் கேள்வியே, "என்ஜிஓ ஏதாவது ஆரம்பிச்சிருக்காளா?" பன்னிரண்டாம் வகுப்பு அக்டோபரில் முளைக்கும் என்ஜிஓ எதற்காக என்று, விண்ணப்பம் வாசிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்குத் தெரியாமலா போகும்? பேசியதில் பாதி பேக்கேஜ் விலை. வேண்டாம் என்றேன். இவர் சாப்பிடும்போதுகூடப் பேசவில்லை.

அக்டோபர் 11
காமன் ஆப்பில், அதாவது பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பத்தில், ஆக்டிவிட்டி எழுதப் பத்து இடம். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்து, இடைவெளியும் அதற்குள்தான். அபி ஏழோடு நிறுத்திக்கொண்டாள். ஐந்தாவதைப் பார்த்துத் திடுக்கென்றது. 'குடும்பப் பொறுப்பு' என்று ஒரு வகையே அதில் இருக்கிறதாம். பாட்டிக்கு இன்சுலின் போடுவது, சர்க்கரை அளவைக் குறித்துவைப்பது, டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்வது. வருடத்துக்கு எத்தனை வாரம் என்ற கட்டத்தில் 52.
"அம்பத்திரண்டாடி?"
"பாட்டிக்கு லீவு ஏதும்மா?"

அக்டோபர் 12
வீட்டு விஷயத்தை எதற்கு வெளியே சொல்லவேண்டும்? இரக்கம் தேடுகிற மாதிரி இருக்காதா? அத்தைக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்?

அக்டோபர் 15
பள்ளி கவுன்சலர், ஐந்தாவதை இரண்டாவதாக ஏற்றச் சொல்லிவிட்டார். முக்கியமானது மேலே வரவேண்டுமாம். தன் பரிந்துரைக் கடிதத்திலும் எழுதுகிறாராம். "அப்ப நாலு வருஷ ரோபோட்டிக்ஸ்?" என்கிறார் இவர். அது எங்கே போயிற்று, முதலிடத்தில்தானே இருக்கிறது.

அக்டோபர் 19
தூக்கமில்லை. எர்லி டிசிஷன், அதாவது கிடைத்தால் சேர்ந்தே ஆகவேண்டிய முன்கூட்டிய விண்ணப்பம், போடுவதா வேண்டாமா? ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் போடலாம். இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களையெல்லாம் திரும்பப் பெறவேண்டும். பிள்ளை, பெற்றோர், கவுன்சலர் மூன்று பேரும் கையெழுத்து. அதில் சேர்க்கை விகிதம் கூடுதல் என்கிறார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில்தானே விளையாட்டுக்காக முன்பே எடுத்த பிள்ளைகளும், பழைய மாணவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள்? நம் பிள்ளைக்கு அந்த விகிதம் எவ்வளவு பொருந்தும்? நிதி உதவி போதவில்லை என்றால் விலகலாம், சரி. ஆனால் நாலு கல்லூரி தருவதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. எனக்கு அதுதான் உறுத்துகிறது. உதவி போக நாம் எவ்வளவு கட்டவேண்டும் என்று சொல்லும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் கல்லூரித் தளத்தில் இருக்கிறது, அதில் வருமானத்தைப் போட்டுப் பார்த்தேன். வந்த தொகையை இவரிடம் காட்டினேன். "சமாளிக்கலாம்" என்றார். எதை வைத்துச் சொல்கிறார்?

அக்டோபர் 22
எஸ்ஏடி நுழைவுத் தேர்வு மதிப்பெண் அனுப்புவதா? எம்ஐடி 2022-லேயே மறுபடி கட்டாயமாக்கிவிட்டது. கலிபோர்னியாவின் யுசி பல்கலைக்கழகங்களோ அனுப்பினாலும் பார்ப்பதில்லை. விருப்பம் என்று சொல்லும் கல்லூரிகளிடம்தான் தலைவலி. காமன் டேட்டா செட் என்று அவர்கள் வெளியிடும் புள்ளிவிவரத்தில், சேர்ந்தவர்களின் நடுப் பாதியில் அபியின் மதிப்பெண் விழுந்தால் அனுப்புவது என்று முடிவு.

அக்டோபர் 25
கணக்கு டீச்சரின் பரிந்துரைக் கடிதம் தளத்தில் இன்னும் ஏறவில்லை. மே மாதமே கேட்டு வைத்தாளே.

அக்டோபர் 28
ஏறிவிட்டது!

அக்டோபர் 29
கட்டுரையைக் காட்டினாள். பாட்டியைப் பற்றி ஒரு வரி இல்லை. "பாட்டியைப் பத்தி எழுதினா அது பாட்டி கதையாயிடும்மா. அதுல நான் எங்க இருக்கேன்?" யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் விடுபட்ட நடைபாதைகளைச் சேர்ப்பது பற்றி எழுதியிருக்கிறாள். சக்கர நாற்காலி ஏறாத படிக்கட்டு எங்கே, சரிவுப் பாதை எங்கே என்று நடந்துபோய்ப் பார்த்துக் குறித்திருக்கிறாள். ராத்திரி லேப்டாப்பில் உட்கார்ந்திருந்தது இதற்காம். மூன்றாம் பத்தியில் ஒரு வாக்கியம் கொஞ்சம் முரடாக இருக்கிறது. மாற்றச் சொல்ல வாய்வரை வந்தது. அவள் பேசுவதே அப்படித்தான், இருக்கட்டும்.

அக்டோபர் 31
எர்லி டிசிஷனே போட்டாயிற்று. நாளைதான் கடைசி நாள்.

நவம்பர் 9
யுசிக்கு எட்டுக் கேள்வியில் நாலு, ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள். இந்த மாதம் 30 கடைசி. முதல் கல்லூரி கிடைத்தால் இத்தனையும் வீண். அதனால் எழுதாமல் விடமுடியுமா?

நவம்பர் 17
"காலேஜ் கெடச்சுதா?" அத்தை, தினமும்.

டிசம்பர் 3
கிடைக்கலாம், கிடைக்காமல் போகலாம், டிஃபர் செய்து மார்ச் வரை தொங்கவிடலாம். மூன்றாவதுதான் வயிற்றைக் கலக்குகிறது. தொங்கவிட்டால் இந்த அரையாண்டு மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள். இயற்பியல் இப்போது பி. சொன்னால் எரிந்து விழுகிறாள்.

டிசம்பர் 11
முடிவு 13-ஆம் தேதி மாலை ஏழு மணிக்காம். அன்று காலை இயற்பியல் தேர்வு. தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்கலாமா என்கிறார் இவர்.