வருடத்துக்கு ஒரு ஜேர்சி

நான் படித்த காலத்தில் நம் கல்லூரி உதைபந்தாட்ட அணியில் சென்டர் ஃபோர்வேர்ட், அதாவது முன்வரிசையின் நடுவில் நின்று கோல் அடிக்கும் இடத்துக்கு யாரும் போட்டி போடவில்லை. கோல் அடித்துப் பெயர் வாங்கலாமே என்று நினைப்பீர்கள். எங்கள் விளையாட்டு ஆசிரியரின் பயிற்சியைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை வராது. கோலுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். பின்னால் உயர்தர வகுப்பு அண்ணா ஒருவர் முழங்காலாலும் முழங்கையாலும் இடித்துக்கொண்டே இருப்பார். சேர் தூரத்திலிருந்து நெஞ்சுக்கு நேரே பந்தை உதைப்பார். அதை அடக்கி, பக்கத்தால் ஓடி வருபவனிடம் கொடுக்க வேண்டும். "முதல்ல பந்தைப் பிடிச்சு வை, கோல் பிறகு வரும்" என்பார். எனக்குக் கோல் வந்ததைவிட இடி வந்ததுதான் அதிகம்.

அந்தப் பயிற்சிக்கு என்ன அர்த்தம் என்பது லண்டனுக்கு வந்தபிறகுதான் விளங்கியது. சனிக்கிழமை பிற்பகல்களில் கிங்ஸ்மெடோ மைதானத்துக்குப் போகும் பழக்கம் எப்படியோ தொற்றிக்கொண்டது. கீழ் அடுக்குகளில் விளையாடும் ஏஎஃப்சி விம்பிள்டன் கழகம் 2020 வரை அங்கேதான் இருந்தது. ஐயாயிரம் பேர்கூடக் கொள்ளாத இடம். கோலுக்குப் பின்னால் நின்றால் வீரர்கள் ஒருவரை ஒருவர் ஏசுவதுகூடக் கேட்கும்.

அங்கேதான் விம்பிள்டனின் சென்டர் ஃபோர்வேர்ட் அடேபாயோ அக்கின்ஃபென்வாவைப் பார்த்தேன். நூறு கிலோவைத் தாண்டிய உடம்பு. உயரமாக ஒரு பந்து வரும். மனிதர் இரண்டு கைகளையும் விரித்து, பின்பக்கத்தைத் தள்ளி, அசையாமல் நிற்பார். பின்கள வீரர் இடப்பக்கம் சுற்றிப் பார்ப்பார், வலப்பக்கம் சுற்றிப் பார்ப்பார், வழி கிடைக்காது. பந்து நெஞ்சில் பட்டு விழும், சக வீரரின் காலுக்குப் போகும். எங்கள் சேரின் பாடம் அப்படியே! 2015 ஜனவரியில், எல்லா அடுக்குக் கழகங்களும் மோதும் எஃப்.ஏ. கிண்ணப் போட்டிக்குப் பெரிய கழகமான லிவர்பூல் அதே மைதானத்துக்கு வந்தபோது அவர் ஒரு கோலும் அடித்தார். லிவர்பூலின் ஜெரார்ட் இரண்டு அடித்ததால் தோற்றோம். அது வேறு கதை.

அவர் லித்துவேனியாவில் தொடங்கியவர். பிறகு டோர்கி, சுவான்சி, மில்வோல், நோர்தாம்ப்டன், கில்லிங்கம் என்று எத்தனையோ கழகங்களின் ஜேர்சிகள். கீழ் அடுக்குகளில் இதுதான் வழமை. இங்கிலாந்தின் முதல் அடுக்கான பிரீமியர் லீக்குக்குக் கீழே மூன்று அடுக்குகளில் 72 கழகங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தம்தான். முடிவது ஜூன் 30. மே மாதத்தில் யாரை வைத்திருக்கிறோம், யாரை விடுகிறோம் என்று கழகங்கள் பட்டியல் போடும். முப்பது வயதுக்காரருக்கு அந்தப் பட்டியல் என்றால் வயிற்றைக் கலக்கும். வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அதில்தான் தொங்குகின்றன.

2016இல் வெம்பிளியில் நடந்த, மேல் அடுக்குக்கு ஏறுவதற்கான தரமுயர்வு இறுதிப் போட்டியில் விம்பிள்டன் 2–0 என்று பிளைமவுத்தை வென்றது. இரண்டாவது கோல் அக்கின்ஃபென்வாவின் தண்ட உதை (பெனால்டி). அடித்தவரின் ஒப்பந்தமோ அத்துடன் சரி. உடனே தொலைக்காட்சியில், தனக்கு இப்போது வேலை இல்லை, வேண்டிய பயிற்றுநர்கள் வாட்ஸ்அப்பில் பேசலாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். விக்கம் கழகம் கூப்பிட்டது. 2020இல் அவர்களுடன் இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்புக்கு ஏறி, 40 வயதில்தான் ஓய்வு பெற்றார்.

இப்படிப்பட்டவர்களை எங்கும் நிலைக்காதவர்கள் என்று இளக்காரமாகப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. பத்துக் கழகம் மாறினார் என்றால், பத்துப் பயிற்றுநர்கள் அவர் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கீழ் அடுக்குக்குத் தரமிறங்கும் பயம் வந்தால், வீரர்களை வாங்க அனுமதியுள்ள ஜனவரியில் எல்லோரும் முதலில் தேடுவது கோல் அடிக்கத் தெரிந்த ஒருவரைத்தான்.

இன்னொரு சென்டர் ஃபோர்வேர்டான ரிக்கி லாம்பர்ட்டின் கதை இன்னும் விசேஷம். லிவர்பூல் சிறுவயதிலேயே கைவிட்டது, பிறகு பிளாக்பூலும் விட்டது. பீட்ரூட் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே மக்கல்ஸ்ஃபீல்டில் பயிற்சி எடுத்தார். ஸ்டொக்போர்ட், ரோச்டேல், பிரிஸ்டல் ரோவர்ஸ் என்று போய், 2009இல் மூன்றாம் அடுக்கில் கிடந்த சவுத்தாம்ப்டனில் சேர்ந்தார். அங்கே எடுத்த 34 தண்ட உதைகளில் ஒன்றுகூடத் தவறவில்லை. கழகத்தோடு சேர்ந்து பிரீமியர் லீக் வரை ஏறினார். 2013 ஆகஸ்டில், 31 வயதில், ஸ்கொட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்து அணியில் முதன்முதலாக இறங்கி, தொட்ட முதல் பந்தையே தலையால் முட்டி கோலாக்கினார். அடுத்த வருடம், சிறுவயதில் கைவிட்ட லிவர்பூலே அவரைக் காசு கொடுத்து வாங்கியது.

நம் வகுப்புக்காரர்கள் இன்னும் பிரீமியர் லீக்குக்குக் கீழே இறங்கிப் பார்க்க மாட்டேன் என்கிறார்கள். விம்பிள்டன் இப்போது ப்ளோ லேன் மைதானத்துக்குப் போய்விட்டது. வர விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள், ஒன்றாகப் போகலாம். சென்டர் ஃபோர்வேர்டை ஏசுகிறவர்கள் மட்டும் வேறு வரிசையில் இருக்க வேண்டும்.