4294967295: பிரித்தால் ஐந்து பகா எண்கள்

32 பிட்டுகளும் (0 அல்லது 1 ஆகிய இரும இலக்கங்கள்) 1 ஆக இருந்தால் வரும் எண் 4294967295, அதாவது 2³² − 1. நிரல் எழுதுபவர்களுக்கு இது வெறும் எல்லை. காரணிகளைப் பார்த்தால்தான் சுவாரசியம்.

பிரிக்கக் கணினி வேண்டாம். இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம் என்ற பள்ளிச் சூத்திரமே போதும்: 2³² − 1 = (2¹⁶ + 1)(2¹⁶ − 1). பின்பகுதியை மறுபடி அதே முறையில் உடைத்துக்கொண்டே போனால் 65537 × 257 × 17 × 5 × 3. ஐந்தும் பகா எண்கள். ஃபெர்மா பகா எண்களில் (2ஐ 1, 2, 4, 8, 16 என இரட்டித்துப் போகும் அடுக்குக்கு உயர்த்தி 1 கூட்டினால் வரும் பகா எண்கள்) இதுவரை தெரிந்தவையும் இந்த ஐந்துதான்.

எந்தக் காரணியும் இருமுறை வராததால் வகுஎண்கள் 2⁵ = 32. ஒன்றை ஒதுக்கினால் 31. அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரைய முடியும் என்று தெரிந்த, ஒற்றைப்படைப் பக்கமுள்ள ஒழுங்குப் பலகோணங்களும் சரியாக இந்த 31தான். அவற்றில் பெரியதற்கு 4294967295 பக்கம். (வரைந்தால் வட்டம் மாதிரிதான் தெரியும்.) வகுஎண்களின் கூட்டுத்தொகை 7304603328; எண்ணின் இரட்டிப்பைவிடக் குறைவு, எனவே இது குறைவெண்.

எனக்குப் பிடித்தது ஆய்லரின் ஃபை சார்பு: ஓர் எண் வரையுள்ள எண்களில், அதனோடு 1 தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவை எத்தனை என்று அது சொல்லும். இங்கே ஒவ்வொரு பகாக் காரணியிலும் ஒன்று குறைத்துப் பெருக்கினால் போதும். 2 × 4 × 16 × 256 × 65536 = 2³¹. அதை இரட்டித்தால் எண்ணைவிடச் சரியாக ஒன்று கூடுதல். 3, 15, 255, 65535 ஆகியவற்றுக்கும் இப்படித்தான். இரண்டின் அடுக்குக்கு ஒன்று குறைவாக இருப்பதால் என்று முடிவுகட்ட வேண்டாம்: 83623935 = 3 × 5 × 17 × 353 × 929 அப்படிப்பட்ட எண் அல்ல, ஆனாலும் இதே பண்பு உண்டு.

ஓர் எண் பகா எண்ணா என்று நிரலில் சோதிக்கும்போது ஒரு பொறி. வகுத்துப் பார்க்கும் சுழலில் ‘வகுக்கும் எண்ணின் வர்க்கம் சோதிக்கும் எண்ணைத் தாண்டவில்லையா’ என்று குறியற்ற 32 பிட்டில் (0 முதல் 2³² − 1 வரை மட்டும் கொள்ளும் இடத்தில்) கேட்டால், 65536இன் வர்க்கம் வழிந்து 0 ஆகிவிடும். 2³²க்குக் கீழே மிகப் பெரிய பகா எண்ணான 4294967291ஐக் கொடுத்துப் பாருங்கள். அதைவிடப் பெரிய 32 பிட் மதிப்புகள் நான்குதான். வழிந்த வர்க்கம் எதுவும் அந்த நான்கில் வந்து விழாது. சுழல் நிற்காமல் ஓடி, கடைசியில் அந்த எண்ணை அதனாலேயே வகுத்து ‘பகு எண்’ என்று சொல்லிவிடும். வர்க்கத்தை விட்டுவிட்டு, வகுத்து வரும் ஈவோடு ஒப்பிட்டால் இந்தச் சிக்கல் இல்லை.

இரண்டு தள்ளி இருக்கும் 2³² + 1 இன்னும் குறும்பு. ஃபெர்மா அதைப் பகா எண் என நம்பினார். 641 × 6700417 என்று 1732இல் ஆய்லர் உடைத்தார். காகிதத்திலேயே சரிபார்க்கலாம்: 641 = 5 × 2⁷ + 1, கூடவே 641 = 5⁴ + 2⁴. 641ஆல் வகுத்தால், முதலாவதிலிருந்து 5 × 2⁷இன் மீதி −1; நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸இன் மீதி 1. இரண்டாவதிலிருந்து 5⁴க்குப் பதில் −2⁴ வைக்கலாம். ஆக 2³²இன் மீதி −1, அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடும். இந்த எண்ணிடம் 2ஐ அடிமானமாக வைத்த ஃபெர்மா சோதனையும் (அடிமானத்தை எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்க்கும் பகா எண் சோதனை) ஏமாறும். 3ஐ வைத்தால் மாட்டிக்கொள்ளும்.