ஊர் இல்லாத உச்சரிப்பு

பழைய ஹாலிவுட் படங்களின் ஆங்கில உச்சரிப்பைக் கற்கப் போன முதல் வகுப்பில் ஆசிரியை என் கையில் ஒரு மெல்லிய காகிதத் துண்டைக் கொடுத்தார். மூக்குத் துடைக்கும் தாளிலிருந்து கிழித்தது. அதை உதட்டுக்கு முன்னால் நான்கு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு 'டைம்' என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். காகிதம் அசையவில்லை. அவர் சொல்லிக் காட்டினார். காகிதம் துள்ளி எழுந்து அவர் மூக்கைத் தொட்டது. மறுபடி நான் சொன்னேன். 'டீ', 'டென்', 'டேக்' என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். காற்றில்லாத உச்சி வெயிலில் வேப்பிலை நிற்குமே, அப்படி நின்றது.

காரணம் எனக்கு உடனே பிடிபட்டது. ஊரில் ஆறு ஆண்டுகள் வானொலியில் பகுதிநேர அறிவிப்பாளராக இருந்தேன். அங்கே கற்ற முதல் பாடமே மூச்சு மைக்கில் படாமல் பேசுவது. 'ப' என்னும்போது காற்று மைக்கில் மோதினால் கேட்பவர் காதில் பட்டாசு வெடிக்கும். அது மட்டுமில்லை, வல்லினத்தை மூச்சைத் தள்ளிச் சொல்லும் பழக்கமே தமிழுக்குக் கிடையாது. இந்திக்காரர் ஒரே வல்லினத்தை மூச்சோடும் மூச்சில்லாமலும் இரண்டாகப் பிரித்து எழுதுவார். நமக்கு ஒரு 'ட' போதும். ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்தில் வரும் அந்த ஒலிக்கு மூச்சு வேண்டும் என்பது, முப்பது ஆண்டுகளாக ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குத்தான் உடம்பில் உறைத்தது.

இது நடந்தது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில். திருமணத்துக்குப் பிறகு இங்கே வந்து, குரல் கொடுப்பதையே பிழைப்பாக்கிக்கொண்டேன். நிறுவனங்களின் பயிற்சிப் படங்கள், தொலைபேசியில் காத்திருக்கும்போது வரும் அறிவிப்புகள், சில வேளை குழந்தைகளுக்கான ஒலிக்கதைகள். நடிப்பு வாய்ப்பு தேடிப் போன இடங்களில் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: இந்திய உச்சரிப்பில் ஆங்கிலம் பேச வேண்டும். நான் பேசுவதே அதுதானே என்று பேசிக் காட்டினால், "இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்கள்" என்பார்கள். என் தாத்தாவைக் கேலி செய்யச் சொன்னது போல இருக்கும். வீட்டு வாடகைக்காக இரண்டு முறை அப்படிச் செய்திருக்கிறேன். அந்த இரண்டு ஒலிப்பதிவுகளையும் நான் யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை.

அந்த நேரத்தில் ஒரு சிறிய நாடகக் குழு, 1930களின் வானொலி நாடகத்தை மேடையில் அப்படியே நடத்திக் காட்ட ஆள் தேடியது. வானொலி வரலாற்றில் இந்த ஊருக்குத் தனி இடம் உண்டு. 1920 நவம்பர் 2 அன்று அமெரிக்க அதிபர் தேர்தலின் முடிவுகளை ஒலிபரப்பிய கே.டி.கே.ஏ. நிலையம் இங்கேதான் பிறந்தது. எங்கள் நாடகத்துக்கு ஐந்து நடிகர்கள், இரண்டு பழைய பாணி மைக்குகள், கதவும் செருப்பும் தகரத் தட்டும் வைத்துக்கொண்டு ஒலி எழுப்பும் ஒருவர். எனக்குப் பணக்கார விதவை வேடம். பார்ப்பவர்களுக்கு நாங்கள் மைக் முன்னால் நிற்பது தெரியும். ஆனால் கதை காதில்தான் நடக்கும். என் முகத்தையோ நிறத்தையோ பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரே நிபந்தனை, ஐந்து பேரும் அந்தக் காலத்து 'டிரான்ஸ் அட்லாண்டிக்' உச்சரிப்பில் பேச வேண்டும். அதற்காக ஆறு வாரம் வகுப்பு.

அந்த உச்சரிப்பைப் பழைய கறுப்பு வெள்ளை ஹாலிவுட் படம் பார்த்தவர்கள் அறிவார்கள். அமெரிக்கர் பேசுவது போலவும் இருக்கும், இங்கிலாந்துக்காரர் பேசுவது போலவும் இருக்கும். 'கார்', 'ஃபாதர்' ஆகியவற்றின் கடைசி ரகரம் கரைந்துபோகும். இன்றைய அமெரிக்கர் 'வாடர்' என்று நாக்கைத் தட்டிவிட்டுப் போகும் இடத்தில் 'வாட்ட' என்று டகரம் சுத்தமாக விழும். 'நூ' என்னாமல் 'நியூ' என்பார்கள். இரண்டு நாடுகளுக்கும் நடுவே அட்லாண்டிக் கடலின் மேல் மிதப்பதால்தான் அதற்கு அந்தப் பெயர்.

இதை ஒரே உச்சரிப்பு என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஆசிரியை முதல் வாரமே அந்த நினைப்பைக் கலைத்துவிட்டார். மூன்று பேரின் ஒலிப்பதிவுகளைப் போட்டுக் காட்டினார். முதலாவது, 1933 மார்ச் 4 அன்று அமெரிக்க அதிபராகப் பதவியேற்ற ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், அஞ்ச வேண்டியது அச்சம் ஒன்றுக்கே என்று பேசிய புகழ்பெற்ற உரை. அதில் 'ஃபியர்' என்ற சொல்லின் ரகரம் காணாமல் போயிருக்கும். ஆனால் அவருக்கு யாரும் அதைப் பயிற்றுவிக்கவில்லை. வடகிழக்கு அமெரிக்காவின் பழைய பணக்காரக் குடும்பங்களின் வீட்டுப் பேச்சு அது. அடுத்து, கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் பிறந்த நடிகை கேத்தரின் ஹெப்பர்ன். மூன்றாவது, நடிகர் கேரி கிராண்ட். அவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் ஆர்ச்சிபால்ட் லீச் என்ற பெயரில் பிறந்து, சிறு வயதில் வித்தைக் குழுவோடு அமெரிக்கா வந்தவர். வீட்டிலிருந்து வந்தது ஒன்று, மேடைக்காகச் செதுக்கியது ஒன்று, ஊர்விட்டு ஊர் போனதில் கலந்தது ஒன்று. காலம் கடந்த பிறகு மூன்றுக்கும் சேர்த்து ஒரே பெயர் வைத்துவிட்டார்கள்.

எங்களுக்கு வேண்டியது மேடைக்காகச் செதுக்கியது. அதற்கு ஒரு குரு பரம்பரை இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கற்பித்த வில்லியம் டில்லி என்ற ஆஸ்திரேலியர்தான் மூலவர். ஒலியியலில் மிகக் கண்டிப்பானவர். படித்தவர்கள் எந்த நாட்டில் பிறந்தாலும் ஒரே மாதிரி பேச வேண்டும் என்று நம்பினார். அவருடைய மாணவர்களில் ஒருவர் எடித் ஸ்கின்னர், கனடாவில் பிறந்தவர். அவர் பிட்ஸ்பர்க்கின் கார்னகி தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்திலும் பிறகு நியூயார்க்கின் ஜூலியார்ட் கலைப் பள்ளியிலும் பல தலைமுறை நடிகர்களுக்கு இந்தப் பேச்சைக் கற்றுக்கொடுத்தார். ஆஸ்திரேலியர் ஒருவர் வகுத்ததைக் கனடாக்காரர் ஒருவர் அமெரிக்க நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எங்கள் ஆசிரியை அந்த முறையில் தேறியவர். எழுபதைத் தாண்டியவர். மற்றவர்கள் பெயர் சொல்லி அழைத்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. கடைசிவரை 'டீச்சர்' என்றே கூப்பிட்டேன், அவரும் ஏற்றுக்கொண்டார்.

என்னோடு நடித்தவர்களில் ஒருவர் மொனாங்கஹீலா ஆற்றோரத்து உருக்காலைத் தொழிலாளியின் மகன். அசல் பிட்ஸ்பர்க்காரர். இந்த ஊர்ப் பேச்சு தனி. 'டவுன்டவுன்' என்பதை 'டான்டான்' என்பார்கள். பலரை ஒன்றாக விளிக்க 'யின்ஸ்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்து வழி வந்த ஐரிஷ் குடியேறிகள் விட்டுச் சென்ற சொல். ஒருவரையும் பலரையும் ஒரே 'யூ'வில் அடக்கும் ஆங்கிலத்தில் இத்தனை காலம் மூச்சு முட்டியவளுக்கு, நம்முடைய 'நீங்கள்' எதிரே வந்து நின்றது போல் இருந்தது அதை முதன்முதலில் கேட்டபோது.

வகுப்பில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. 'பாத்', 'டான்ஸ்', 'ஹாஃப்', 'ஆஸ்க்' என்று ஒரு நீண்ட பட்டியல் உண்டு. அவற்றின் உயிரொலி அமெரிக்கர் 'கேட்' என்று பூனையைச் சொல்லும்போது வாயை விரித்துச் சொல்லும் ஒலியும் அன்று, இங்கிலாந்துக்காரரின் ஆழ்ந்த தொண்டை 'ஆ'வும் அன்று. இரண்டுக்கும் இடையில் ஒன்று. அவருக்கு அது பிடிபடவே இல்லை. இந்தப் பக்கம் சாய்வார், அந்தப் பக்கம் சாய்வார். நான் 'அப்பா' என்று சொல்வது போல வாயைத் திறந்து, அந்த அகரத்தைச் சொல்லின் நடுவில் வைத்தேன். டீச்சர் கையைத் தட்டி நிறுத்தினார். "அதேதான். அதை எங்கிருந்து எடுத்தீர்கள்?" என்று கேட்டார். வீட்டிலிருந்து என்றேன்.

'நியூ', 'டியூஸ்டே' எல்லாம் நம் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்திலேயே இருந்தன. டகரத்துக்கு மட்டும் ஒரு வாரம் ஆயிற்று. நாம் ஆங்கில 'டி'யை நாக்கை மடித்து மேலண்ணத்தில் வைத்துச் சொல்கிறோம். அவர்களுக்கு நுனிநாக்கு மேற்பல்லுக்குச் சற்றுப் பின்னால் உள்ள மேட்டைத் தொட வேண்டும். அந்த இடத்தை எப்படி நினைவில் வைப்பது என்று தவித்தபோது, வல்லின றகரம் கைகொடுத்தது. யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி 'வெற்றி', 'காற்று' என்று சொல்லும்போது அந்த இரட்டை றகரம் கிட்டத்தட்ட ஆங்கில 'டி'யாகவே ஒலிக்கும். டகரத்துக்கும் றகரத்துக்கும் நாக்கின் இடம் வேறு என்று தொல்காப்பியர் பிறப்பியலில் பிரித்தே வைத்திருக்கிறார். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தது, இருபத்தைந்து ஆண்டு கழித்து என் வாய்க்குள் வந்து வழி காட்டியது. 'காற்று' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே நாக்கை வைத்து, மூச்சைத் தள்ளினேன். காகிதம் எழுந்தது.

ரகரம்தான் கடைசிவரை பாடு படுத்தியது. தமிழில் 'டாக்டர்' என்று எழுதினால் இறுதியில் புள்ளி வைத்த ர் நிற்கிறது. கண்ணுக்குத் தெரிவதை நாக்கு விடுவதில்லை. ஆனால் அந்த ரகரம் ஒரேயடியாகப் போய்விடுவதும் இல்லை. 'ஃபார்' என்ற சொல் தனியாக வந்தால் ர் மறையும். அடுத்து 'அவே' என்று உயிரில் தொடங்கும் சொல் வந்தால் திரும்பி வந்து இரண்டையும் இணைக்கும். மணி, அடித்தது என்ற இரண்டும் சேரும்போது நடுவில் யகரம் வருவதை உடம்படுமெய் என்று படித்தோமே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி இது. நம்முடையது புதிதாக வருவது. இது ஒளிந்திருந்தது வெளியே வருவது. இல்லாத இடத்தில் ரகரத்தைக் கொண்டுவந்து செருகுவதை மட்டும் டீச்சர் மன்னிக்க மாட்டார். இப்படிப் புணர்ச்சி விதியாக எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான் என் வசனத்தாள் எனக்கு வசப்பட்டது. பக்கத்து நாற்காலிக்காரர் அதைப் பார்த்து, சிவப்புப் பேனாவால் தன் தாளிலும் அதே குறிகளைப் போட்டுக்கொண்டார்.

நாலாவது வாரம் அம்மாவோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். "ஏன் இப்படி நிறுத்தி நிறுத்திப் பேசுகிறாய், உடம்புக்கு முடியவில்லையா?" என்று கேட்டார். தமிழிலும் வல்லினத்துக்கெல்லாம் மூச்சு தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒத்திகை இடைவேளைகளில் நாங்கள் அதிகம் பேசியது, இந்த உச்சரிப்பு ஏன் மறைந்தது என்பதைப் பற்றி. மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1962இல் நியூயார்க்கின் மூன்று பெரிய கடைகளில் செய்த ஆய்வை டீச்சர் சொன்னார். நான்காவது மாடியில் இருக்கும் பொருள் எது என்று முதலில் தெரிந்துகொண்டு, அது எங்கே கிடைக்கும் என்று விற்பனையாளர்களிடம் கேட்பாராம். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று பதில் வரும். காது கேளாதவர் போல மறுபடியும் கேட்டு, இன்னொரு முறை சொல்ல வைப்பார். அந்த இரண்டு சொற்களில் ரகரம் ஒலிக்கிறதா என்று மட்டும் பிறகு குறித்துக்கொள்வார். விலை உயர்ந்த கடையில் 62 சதவீதம் பேரும், நடுத்தரக் கடையில் 51 சதவீதம் பேரும் ஓரிடத்திலாவது ரகரத்தைச் சொன்னார்கள். மலிவு விலைக் கடையில் ஐந்தில் ஒருவர்தான். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் ரகரத்தை விடுவது பெரிய மனிதர் அடையாளம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதே நகரத்தில் ரகரத்தைச் சொல்வது பெரிய மனிதர் அடையாளம் ஆகிவிட்டது. நாக்கு அதே நாக்குதான்.

இந்த உச்சரிப்பைக் கற்றதில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி. ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் முழு வேலை கொடுத்து, கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் சொல் உடையாமல் போய்ச் சேர வைக்கும் அந்த ஒழுங்கை நான் மதிக்கிறேன். ஆனால் இதைத்தான் 'நல்ல பேச்சு' என்று பெயரிட்டு, மற்றப் பேச்சையெல்லாம் களையாகப் பார்த்த மனப்பான்மையை என்னால் ஏற்க முடியாது. டட்லி நைட் என்ற குரல் பயிற்சியாளர் இந்தப் பரம்பரையை ஆராய்ந்து, அதில் இருந்த மேட்டிமையைக் கடுமையாகச் சுட்டிக்காட்டி எழுதியிருக்கிறார். டீச்சரிடம் இதைக் கேட்டேன். "எனக்குப் பதினெட்டு வயதில், என் பாட்டி பேசியது தப்பு என்று சொல்லிக்கொடுத்தார்கள். நான் உங்களுக்கு அப்படிச் சொல்லவில்லை. இது ஓர் உடை. போடவும் கழற்றவும் கற்றுக்கொடுக்கிறேன்" என்றார். ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் அவரவர் ஊர்ப் பேச்சில் இரண்டு நிமிடம் பேசிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அவர் வைத்த விதி. நான் தமிழில் பேசுவேன். ஒருவருக்கும் புரியாது, எல்லோரும் கேட்பார்கள்.

வானொலியில் நான் பேசிய தமிழும் இப்படித்தான். 'வணக்கம் நேயர்களே' என்று தொடங்கும் அந்தத் தமிழை நெல்லையில் எந்த வீட்டிலும் பேசுவதில்லை. நிலையத்தின் படி ஏறும்போது அணிந்து, இறங்கும்போது களைந்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் வேறு தமிழ் பேசினோம். ஆனால் அன்றைக்கு எங்களில் சிலர், நானும்தான், வீட்டில் பாட்டி பேசும்போது திருத்தியிருக்கிறோம். பாட்டி 'வாளப்பளம்' என்பாள். நான் ழகரத்தை அழுத்திச் சொல்லிக் காட்டுவேன். பிறகு அவள் என் முன்னால் அந்தச் சொல்லைச் சொல்வதையே விட்டுவிட்டு, "அந்தப் பழத்தை எடு" என்று கையை நீட்டினாள், அதில் வந்த ழகரத்தையும் வாய்க்குள்ளேயே விழுங்கிக்கொண்டு. அது இப்போது நினைவுக்கு வந்தால் தொண்டை அடைக்கிறது.

நாடகம் மூன்று நாள் நடந்தது. பழைய தேவாலயம் ஒன்றின் கூடம், நூற்றுக்கும் குறைவான நாற்காலிகள். இரண்டாம் நாள் பக்கத்து நாற்காலிக்காரரின் அம்மா வந்திருந்தார். கண் பார்வை பெரும்பாலும் போய்விட்டவர். முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். மகன் வங்கி முதலாளியாகப் பேசிய காட்சி முழுவதும் அந்த முகம் மாறவில்லை.

முடிந்த பிறகு நடைவழியில் அந்த அம்மா மகனின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அதில் நீ எந்தக் குரல்? கடைசிவரை உனக்காகக் காத்திருந்தேன்."

மகன் இன்னும் கோட்டும் டையும் அணிந்திருந்தார். அம்மாவுக்கும், அழைத்துவந்த தங்கைக்கும் முன்னால் குனிந்து, யின்ஸ் இரண்டு பேரும் எதாவது சாப்பிட்டீர்களா, வாருங்கள் டான்டான் போகலாம் என்றார். அந்த அம்மா அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார்.