மின் சேமிப்பை நிரூபிக்கப் பட்ட பாடு: ஆலை எரிசக்தித் தணிக்கையில் கவனிக்க வேண்டியவை

ஒருவழியாக எரிசக்தித் தணிக்கை முடிந்து, "சேமிப்பு உண்மைதான்" என்று நிதிப் பிரிவு கையெழுத்துப் போட்டுவிட்டது. அழுத்தக் காற்றின் கசிவை அடைப்பதும் அதன் அழுத்தத்தைக் குறைப்பதும் பெரிய வேலையாகவே இல்லை. எவ்வளவு மிச்சமானது என்று காட்டுவதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால், இடறிய இடங்களை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

முதல் தலைவலி உற்பத்திக் கணக்கு. மின் கட்டண ரீடிங் மாதத்தின் நடுவில் ஏதோ ஒரு தேதியில் எடுக்கப்படுகிறது. உற்பத்திப் பிரிவோ ஒன்றாம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை கணக்கு வைக்கிறது. இரண்டையும் அப்படியே வகுத்தால் ஒரு டன்னுக்கு எத்தனை யூனிட் என்ற எண் மாதாமாதம் காரணமில்லாமல் ஆடும். போதாததற்கு ஒரு பிரிவு டன்னில் கணக்குத் தரும், இன்னொரு பிரிவு உருப்படி எண்ணிக்கையில் தரும். கழித்துக்கட்டிய உருப்படிகளை யாருமே சேர்ப்பதில்லை. கழிவானாலும் அதைச் செய்ய மின்சாரம் செலவானதுதானே? பழைய ஏடுகளை நேர்செய்ய மாதக்கணக்கில் அலைவதைவிட, குறிப்பிட்ட ஒரு ஷிஃப்ட் முடியும் நேரத்தில் வாரம் ஒருமுறை நாமே மெயின் மீட்டரைப் படித்து, அதே நேரம் வரையிலான மொத்த உற்பத்தியை, கழிவையும் சேர்த்து, வாங்கிவிடுவது மேல். சில மாதங்களில் நம்பகமான தரவு கையில் இருக்கும்.

அந்தத் தரவை வைத்து வெறும் "டன்னுக்கு இத்தனை யூனிட்" என்று மட்டும் பார்க்காதீர்கள். இதில் ஏமாந்தவர்கள் ஏராளம். உதாரணத்துக்கு, ஒரு மாதம் 400 டன் உற்பத்திக்கு 2,60,000 யூனிட், இன்னொரு மாதம் 700 டன்னுக்கு 3,50,000 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் டன்னுக்கு 650, அடுத்தது 500. பார்த்த மாத்திரத்தில் 23% சேமிப்பு! ஆனால் ஆலையில் ஒரு திருகாணியைக்கூட யாரும் மாற்றவில்லை. கூடுதலான 300 டன்னுக்குக் கூடுதலாகச் செலவானது 90,000 யூனிட், அதாவது டன்னுக்கு 300. மீதி 1,40,000 யூனிட் உற்பத்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடுகிற நிலையான செலவு. விளக்கு, குளிர்விப்பு, சும்மா சுற்றும் மோட்டார், காற்றுக் கசிவு எல்லாம் அதற்குள் அடக்கம். உபகரணம் விற்க வந்த ஒரு நிறுவனம் இதேபோன்ற ஒரு கணக்கைத்தான் சேமிப்பு என்று நீட்டியது. உற்பத்தி ஏறியதால் வந்த இறக்கத்தைத் தங்கள் பெட்டியின் சாதனையாகக் காட்டியிருந்தார்கள். உற்பத்தியைக் கிடையச்சிலும் யூனிட்டைச் செங்குத்தச்சிலும் வைத்துப் புள்ளிகளைக் குறித்து ஒரு கோடு போட்டாலே குட்டு உடைந்துவிடும். கோடு செங்குத்தச்சை வெட்டும் இடம்தான் நிலையான செலவு. அந்த எண் பெரிதாக இருந்தால், தேட வேண்டியது உற்பத்தி இயந்திரத்தில் அல்ல, சும்மா ஓடுகிறவற்றில்.

அடுத்து மீட்டர். அதிகம் வயிற்றெரிச்சல் தந்தது இதுதான். ஒப்பந்தக்காரர் பொருத்திவிட்டுப் போன பேனல் மீட்டர்கள் பளபளவென்று எண் காட்டின. எண் வருகிறது என்பதாலேயே அது சரி என்று நம்பிவிடுகிறார்கள். ஒரு பெரிய மோட்டாரின் மீட்டரில் மொத்தம் 20 கிலோவாட். பட்டனை அழுத்தி ஃபேஸ்வாரியாகப் பார்த்தால் 21, 20, மைனஸ் 21. ஒரு சி.டி. (கேபிளில் ஓடும் மின்னோட்டத்தைக் குறைத்து மீட்டருக்குத் தரும் கரண்ட் டிரான்ஸ்பார்மர்) தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது. சமமான மூன்று ஃபேஸ் லோடில் ஒரு சி.டி. திரும்பியிருந்தால் மொத்தம் மிகச் சரியாக மூன்றில் ஒரு பங்காகிவிடும். அறுபது கிலோவாட் மோட்டார் இருபது காட்டும். அதை வைத்து "இந்த மோட்டார் பாதி லோடுகூட இல்லை, சிறியதாக மாற்றலாம்" என்று பரிந்துரையும் எழுதிவிடுவார்கள்.

இரண்டு சி.டி.க்கள் ஃபேஸ் மாறி மாட்டப்பட்டிருந்தால் அறிகுறி வேறு. சமமான லோடில் மொத்தம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு) 0.86 அளவில் ஓடும் மோட்டாராக இருந்தால், ஒரு ஃபேஸ் சரியாகவும், ஒன்று மைனஸிலும், இன்னொன்று ஏறக்குறைய பூஜ்யமாகவும் தெரியும். ஆகவே மொத்த எண்ணை மட்டும் பார்க்கவே கூடாது. மூன்று ஃபேஸின் கிலோவாட், பவர் ஃபேக்டர் இரண்டையும் தனித்தனியே பார்த்து, நம்பகமான ஒரு பவர் கிளாம்ப் மீட்டரை வைத்து ஒப்பிட வேண்டும். சி.டி. விகிதத்தையும் சரிபாருங்கள்: உள்ளே இருப்பது 200/5 (200 ஆம்பியரை 5 ஆம்பியராகக் குறைப்பது), மீட்டரில் பதிந்திருப்பது 100/5 என்றால் எல்லாமே பாதி. ஒரு ஃபேஸுக்கு இரண்டு கேபிள் இணையாகப் போகும் இடத்தில் ஒன்றை மட்டும் கிளாம்ப் செய்தாலும் இதே கதைதான்.

எச்சரிக்கை ஒன்று: லோடு ஓடும்போது சி.டி.யின் செகண்டரி வயரை (மீட்டருக்குப் போகும் வயரை) ஒருபோதும் திறந்து விடாதீர்கள். முனைகளில் உயிருக்கு ஆபத்தான வோல்டேஜ் ஏறும். முதலில் இரு முனைகளையும் இணைக்கும் ஷார்ட்டிங் லிங்க் போட்டுவிட்டு, பிறகுதான் வயரைக் கழற்ற வேண்டும். முடிந்தால் ஷட்டவுன் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு அது கிடைக்கத்தான் அதிக நாள் பிடித்தது. பெர்மிட்டில் (வேலைக்கான அனுமதிச் சீட்டில்) பேனல் எண் ஒன்று தவறியதற்காக ஒரு முழு ஷட்டவுன் வாய்ப்பே போனது. பெர்மிட் எழுதும் முன் பேனல் முன்னால் நின்று எண்ணைப் படித்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம்.

மோட்டாரின் லோடை ஆம்பியரை வைத்துக் கணக்கிடுவதும் தவறான முடிவுக்கே கொண்டுபோகும். லோடே இல்லாத மோட்டாரும் முழு ஆம்பியரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டிருக்கும்; காந்தப்புலத்துக்கு அது தேவை. கிலோவாட்டை அளங்கள். வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) இருந்தால் அதன் உள்ளே வரும் பக்கத்தில் அளங்கள். வெளியே போகும் பக்கத்தில் சாதாரண கிளாம்ப் மீட்டர் காட்டுவதை நம்ப முடியாது.

காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசருக்கு வருவோம். நிலையான செலவில் பெரும்பகுதி அங்கேதான் ஒளிந்திருந்தது. பதினைந்து நிமிடச் சராசரியைப் பதியும் மீட்டர் இதற்கு உதவாது. லோடும் (காற்றை அழுத்தும் நேரம்) அன்லோடும் (அழுத்தாமல் சும்மா சுற்றும் நேரம்) நிமிடத்துக்குள் மாறி மாறி வரும்போது, சராசரியில் ஒரு தட்டையான கோடு மட்டும் மிஞ்சும். ஒன்றிரண்டு விநாடிக்கு ஒருமுறை பதியும் லாகர் வேண்டும்.

கசிவுச் சோதனை எளிதானது: உற்பத்தி இல்லாத நேரத்தில் கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டு, லோடு நேரத்தையும் அன்லோடு நேரத்தையும் குறிக்க வேண்டும்; யாரும் காற்றை எடுக்காதபோது அது லோடுக்குப் போவது கசிவை ஈடுகட்டத்தான். சிக்கல் அந்த "உற்பத்தி இல்லாத நேரம்" கிடைப்பதில்தான். முதல் சோதனை வீண். எல்லாம் நின்றுவிட்டது என்று சொன்னார்கள். ஒரு மூலையில் ஏர் கன்னை வைத்து இயந்திரத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். வரைபடத்தில் லோடு நேரம் ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறாக இருந்ததால்தான் பிடிபட்டது. கசிவு மட்டும் இருந்தால் சுற்றுகள் ஒன்றுபோலவே இருக்கும். காற்றை உபயோகிக்க வேண்டாம் என்று பிரிவுகளுக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுங்கள், தண்ணீரைத் தானாக வெளியேற்றும், டைமர் வைத்த ஆட்டோ டிரெயின்களை நிறுத்துங்கள், ரிசீவரில் (காற்றைச் சேமிக்கும் தொட்டியில்) தேங்கிய தண்ணீரை முதலில் வடித்துவிடுங்கள், குறைந்தது ஐந்து சுற்றாவது எடுங்கள்.

லோடு 90 விநாடி, அன்லோடு 150 விநாடி என்றால் கசிவு 90-ஐ 240-ஆல் வகுத்தால் வரும் பங்கு, 37.5%. இதைக் கனமீட்டராக மாற்றக் கம்ப்ரசர் இப்போது நிமிடத்துக்கு எவ்வளவு காற்றுத் தருகிறது என்று தெரிய வேண்டும். தகட்டில் எழுதியிருப்பதை எடுத்துக்கொள்ளக் கூடாது. வெளியே போகும் வால்வை மூடிவிட்டு, காலி ரிசீவரை நிரப்ப ஆகும் நேரத்தை அளங்கள். இடையிலுள்ள குழாயையும் சேர்த்து 3.2 கனமீட்டர் கொள்ளளவு, 7 பார் கேஜ் அழுத்தம் (வெளிக்காற்றுக்கு மேல் 7 பார்) வரை நிரம்ப 2.4 நிமிடம் என்றால், 7-ஐ வெளிக்காற்றின் அழுத்தமான 1.013-ஆல் வகுத்து, 3.2-ஆல் பெருக்கி, 2.4-ஆல் வகுக்க வேண்டும்: நிமிடத்துக்கு 9.2 கனமீட்டர். வெளிக்காற்று 30 டிகிரி, ரிசீவர் காற்று 45 டிகிரி என்றால் 303/318-ஆல் (இரண்டிலும் 273 கூட்டிய கெல்வின் அளவு) பெருக்கியாக வேண்டும், 8.8 ஆகிவிடும். தகட்டில் 10 என்று இருந்தால் இயந்திரம் 12% தளர்ந்துவிட்டது என்று பொருள். இந்த வெப்பநிலைத் திருத்தத்தை விட்டுவிட்டு "கம்ப்ரசர் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சான்று தருபவர்களைப் பார்த்தாயிற்று.

இப்போது சேமிப்புக் கணக்கு. இங்கேதான் நேர்மை வேண்டும். லோடில் 62 கிலோவாட் என்றால், 37.5% கசிவை முழுக்க அடைத்தால் 23 கிலோவாட் மிச்சம் என்று பெரும்பாலான அறிக்கைகளில் போட்டுவிடுகிறார்கள். அது வராது. கசிவு நின்றால் கம்ப்ரசர் நின்றுவிடாது, அன்லோடுக்குப் போகும். அன்லோடிலும் அது 20 கிலோவாட் தின்னும். உண்மையான மிச்சம் 42 கிலோவாட்டில் 37.5%, அதாவது 16-க்குச் சற்றுக் குறைவு. மீதியையும் பெற வேண்டுமானால், நீண்ட அன்லோடில் தானாக நின்றுவிடும்படி டைமர் வைக்க வேண்டும், அல்லது வேகம் மாறும் கம்ப்ரசரை ஏறி இறங்கும் லோடுக்கு விட வேண்டும்.

கசிவைத் தேடும்போது நீளமான மெயின் குழாயில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். ஹோஸ் முனை, குயிக் கப்ளிங், எஃப்.ஆர்.எல். (காற்றை வடிகட்டி, அழுத்தம் சீராக்கி, எண்ணெய் சேர்க்கும் தொகுதி) கிண்ணம், சிலிண்டர் ராடு சீல், திறந்தபடியே மாட்டிக்கொண்ட டிரெயின் வால்வு, இவற்றில்தான் பெரும்பாலும் கிடைக்கும். 40 கிலோஹெர்ட்ஸ் அளவில் கேட்கும் அல்ட்ராசோனிக் கருவி ஆலை இரைச்சலிலும் வேலை செய்யும். பக்கத்து இரைச்சல் குழப்பினால் கருவியின் முனையைக் கையால் மறைத்துக் கேளுங்கள். கண்டுபிடித்த இடத்தில் எண் போட்ட அட்டையைக் கட்டுங்கள், அடைத்தபின் அதே இடத்தை மறுபடி கேளுங்கள். 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று நிமிடத்துக்கு 0.65 கனமீட்டர் அளவுக்குக் காற்றை விடும். மேலே சொன்ன கம்ப்ரசரில், அன்லோடு மின்சாரத்தைக் கழித்துப் பார்த்தாலும், அது மூன்று கிலோவாட்டுக்குச் சற்று மேல்.

அழுத்தத்தைக் குறைப்பது செலவில்லாத சேமிப்பு. ஒரு பாருக்கு 6 முதல் 7% வரை மின்சாரம் குறையும். 0.1, 0.2 பார் என்று இறக்கிக்கொண்டே வந்தபோது ஒரு இயந்திரம் மட்டும் முரண்டு பிடித்தது. உடனே பழைய அழுத்தத்துக்கு ஏற்றச் சொல்லி நெருக்கினார்கள். இயந்திரத்தின் வாசலிலேயே கேஜ் மாட்டி, சிலிண்டர் இயங்கும் அந்தக் கணத்தில் பார்த்ததில், அடைத்துப்போன ஃபில்டரில் மட்டும் 0.8 பார் விழுந்துகொண்டிருந்தது. எலிமெண்டை மாற்றி, பக்கத்தில் ஒரு சிறிய ரிசீவர் வைத்ததும் புகார் நின்றது. ஒரு ஃபில்டருக்காக ஆலை முழுவதும் வருடக்கணக்கில் கூடுதல் அழுத்தத்தில் ஓடியிருக்கிறது!

மோட்டார் மாற்றுகிறவர்களுக்கு ஒரு சொல். பழைய மோட்டாருக்குப் பதில் ஐ.இ.3 வகை (உயர்திறன் தர வகுப்பு) போடும்போது அதன் வேகம் பெரும்பாலும் சற்று அதிகம் இருக்கும். ஃபேனில் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். நிமிடத்துக்கு 1440 சுற்று 1465 ஆனால் 5% கூடுதல். திறன்மிக்க மோட்டார் போட்டும் யூனிட் குறையவில்லையே என்ற புலம்பலுக்குக் காரணம் பல இடங்களில் இதுதான். பெல்ட் டிரைவாக இருந்தால் புல்லியையும் சேர்த்து மாற்றுங்கள்.

பாய்லர் பகுதி சிக்கலில்லாமல் முடிந்தது. புகைபோக்கியில் ஆக்சிஜன் அளக்கும் முன் குழாய் இணைப்புகளில் வெளிக்காற்று நுழைகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி மல்லுக்கட்டு நிதிப் பிரிவோடு. மின் கட்டண ரசீதில் குறைந்ததைக் காட்டு என்றார்கள். மொத்த ரசீதில் புள்ளிகள் கோட்டிலிருந்து 5% அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும்போது 4% சேமிப்பு எப்படித் தெரியும்? சேமிப்பை அளந்து சரிபார்ப்பதற்கான சர்வதேச நெறிமுறையான ஐ.பி.எம்.வி.பி.யில் இதற்கு இடமுண்டு: ஆலை முழுவதையும் அளப்பது 'சி' வழி, மாற்றம் செய்த உபகரணத்தை மட்டும் பிரித்துத் தொடர்ந்து அளப்பது 'பி' வழி. கம்ப்ரசருக்குத் தனி மீட்டர் வேலை தொடங்கும் முன்பே இருந்ததால் தப்பித்தோம். அதன் முந்தைய யூனிட்டையும் உற்பத்தியையும் வைத்துத் தனிக் கோடு போட்டு, இப்போதைய உற்பத்திக்குப் பழைய நிலையில் எவ்வளவு ஆகியிருக்கும், உண்மையில் எவ்வளவு ஆனது என்று வாரவாரியாக எதிரெதிரே வைத்ததும் கேள்விகள் நின்றன. வேலை முடிந்தபின் மீட்டர் வாங்கி எந்தப் பயனும் இல்லை. முந்தைய நிலையைத் திரும்ப அளக்க முடியாது.

கையெழுத்து வாங்கியதோடு விட்டுவிடாதீர்கள். இரவு ஷிஃப்டில் ஏதாவது இயந்திரம் மக்கர் செய்தால் முதலில் கை போவது கம்ப்ரசரின் அழுத்தப் பட்டனுக்குத்தான். கன்ட்ரோலருக்குக் கடவுச்சொல் போட்டு, யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்று எழுத ஒரு பதிவேட்டைப் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். அதே கசிவுச் சோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்பு அட்டவணையிலேயே சேர்த்துவிடுங்கள்.