பங்கா தாத்தா இழுக்கும் காற்று

மதுரைக்கு மேற்கே, பழைய மில் துரைமார் பங்களா ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். அங்கே ரிசப்ஷனில் எனக்குப் பெரும்பாலும் நைட் டூட்டிதான். வந்து இறங்குகிறவர்களில் பாதிப்பேர் சாவியைக் கையில் வாங்கும்போதே, "இங்க பேய் இருக்காமே?" என்று கேட்டுவிடுவார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது வெள்ளைக் கவுன் போட்ட துரைசானியை, இல்லாவிட்டால் மெழுகுவத்தியோடு மாடிப்படி இறங்கும் துரையை.

எங்கள் ஆட்கள் சொல்லும் கதைகளில் அந்த இரண்டு பேருமே கிடையாது. ரூம் பாய்கள், தோட்டக்காரர், வாட்ச்மேன், சமையற்கட்டில் பாத்திரம் விளக்கும் அக்கா என்று யாரைக் கேட்டாலும் வருவது பங்கா என்ற தொங்கும் துணி விசிறியை இழுத்த தாத்தாவும், பின்படி ஏறிவரும் கிழவியும், நடுச்சாமத்தில் மாடு பூட்டிக் கமலையில் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் ஆளும்தான். அத்தனை பேரும் வேலைக்காரர்கள். செத்த பிறகும் வேலைதான் பார்க்கிறார்கள். இது என் மனதில் தைத்த பிறகுதான் அந்தக் கட்டடத்தையே வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் பங்களா வந்த கதை. 1840 வாக்கில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். ஊர் வெளியே விரிந்தது. 1875இல் ரயில் வந்தது. 1892இல் ஹார்வி மில் ஓடத் தொடங்கியது. மில்லை நடத்த வந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு ஊர் நெரிசலுக்கு வெளியே, காற்று வரும் பக்கமாக வீடு வேண்டியிருந்தது. மேற்குப் பக்கம் அவர்களுக்குத் தோதாக அமைந்தது. ஆனி, ஆடியில் தேனிப் பக்கமிருந்து வரும் காற்று அந்த வராந்தாக்களில் நேராக வந்து மோதும். அகலச் சுவர், உயரக் கூரை, தேக்கு உத்தரத்தின்மேல் செங்கலைச் செங்குத்தாக வைத்துச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் தளம். பகலெல்லாம் வெயில் குடித்த உத்தரம் பின்னிரவில் குளிர்ந்து சுருங்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். புதிதாக வந்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். கூரைமேல் மரநாய் நடப்பதும், கூகை சீறுவதும் தனிக்கணக்கு.

மாடியில் மூலை அறை ஒன்று. அதில் தங்கியவர்களில் சிலர் காலையில் தயங்கித் தயங்கிச் சொல்வார்கள்: மின்விசிறி நின்றிருந்தது, ஆனாலும் தலைமாட்டில் யாரோ விசிறிய மாதிரி இருந்தது, மெல்லிதாகக் கிரீச் என்று சத்தமும் கேட்டது. ரூம் பாய்களுக்கு இதில் ஆச்சரியம் ஏதும் இல்லை. "தாத்தா இழுத்திருப்பாரு சார்" என்று டீயை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்த அறையை ஒருநாள் பகல் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்தேன். உத்தரத்தில் ஒரே வரிசையாக இரும்புக் கொக்கிகள், சுண்ணாம்பு பூசிப் பூசிப் பாதி மறைந்து இருந்தன. வராந்தா பக்கச் சுவரில், கதவுக்கு மேலே, இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. துளையின் உள்ளே சின்னப் பித்தளை உருளை. மரச்சட்டத்தில் துணியை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்ட பங்கா அந்தக் கொக்கிகளில் ஆடியிருக்கிறது. அதன் கயிறு துளை வழியாக வெளியே போய், வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் ஆளின் கையில் முடியும். உள்ளே இருப்பவர் கண்ணில் இழுக்கிறவன் படக்கூடாது, காற்று மட்டும் வர வேண்டும். அதற்காகத்தான் அந்தத் துளை. இரவு முழுக்க இழுக்க வேண்டும். கை ஓய்ந்தால் படுத்துக்கொண்டு காலில் கயிற்றைக் கட்டி ஆட்டுவார்கள். கண்ணயர்ந்தால் உள்ளே துரைக்கு வேர்க்கும், அப்புறம் பூட்ஸ் பறக்கும். வெள்ளைக்காரர் உதைத்துப் பங்கா கூலி செத்துப்போன வழக்குகள் அந்தக் காலத்தில் நடந்திருக்கின்றன. செத்தவனுக்கு மண்ணீரல் ஏற்கெனவே வீங்கியிருந்தது என்று டாக்டர் சாட்சி சொல்ல, உதைத்தவர் சிறு தண்டனையோடு தப்பிப்பது வழக்கமாகவே இருந்தது.

அந்தத் துளைக்கு யாரோ எப்போதோ மரத்தில் ஒரு அடைப்பு செய்து வைத்திருந்தார்கள். அது காய்ந்து சுருங்கியிருந்தது. காற்றுக் காலத்தில் இடுக்கு வழியாகக் காற்று புகுந்து, கட்டிலின் தலைமாட்டுக்கு நேராக இறங்கும். உருளையும் லேசாக அசையும். விசிறிய சங்கதி, கிரீச் சத்தம் இரண்டுக்கும் காரணம் புரிந்தது. ஆசாரியை வரவழைத்துப் புது அடைப்பு போட்டோம்.

எல்லாரையும்விட மூத்த ரூம் பாய் ஒருவர். தலை நரைத்தவர், எங்களுக்கெல்லாம் அண்ணன். ஆசாரி வேலையை முடித்துப் போனதும் என்னிடம் வந்து நின்றார். "தம்பி, காத்துதான்னு எனக்கும் தெரியும். ஆனா அடைச்சது மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு. எங்க அய்யாவோட அப்பாரு இங்கதான் பங்கா இழுத்தாராம்" என்றார். இத்தனை வருடமும் தாத்தா என்று அவர்கள் சொல்லிவந்தது பயத்தில் அல்ல, உறவுமுறையில் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பின்படிக் கதை இதைவிடக் கனமானது. பழைய குளியலறைகளுக்கு வெளிப்பக்கமாக இன்னொரு கதவு உண்டு, அதிலிருந்து தோட்டத்துக்கு இறங்கும் ஒடுக்கமான படியும் உண்டு. மலச்சட்டியை எடுக்க வருகிறவர்கள் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்பதற்காக வைத்த வழி அது. விடியுமுன் வந்து, சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு, அதே வழியாகப் போய்விட வேண்டும். அந்தக் கதவின் தாழ்ப்பாள் நாலு மணிக்குத் தானாக விலகும் என்பதுதான் கதை. ஹவுஸ்கீப்பிங் பெண்கள் தனியாக அந்தப் பக்கம் போக மாட்டார்கள். மாட்டுத்தாவணி தாண்டி மேலமடையில் இருக்கும் பாண்டி கோயிலிலிருந்து எலுமிச்சம்பழம் கொண்டுவந்து நிலைப்படியில் வைப்பார்கள். அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தப் படியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கிழவியைவிட அந்தக் கதவை அங்கே வைக்கச் சொன்ன மனம்தான் பயமாக இருக்கும். அந்த மனம் வெள்ளைக்காரனுக்கு மட்டும் உரியதல்ல. நம் ஊர்ப் பெரிய வீடுகளின் கொல்லைப்புறத்திலும் அதே வழி இருந்தது.

விருந்தினரை ஏற்றிவரும் கார் டிரைவர்கள் வேறு கதை வைத்திருப்பார்கள். சம்மட்டிபுரம் வந்ததும் கான்சாகிப் என்கிற யூசுப்கானைப் பற்றி ஆரம்பிப்பார்கள். கம்பெனிக்காரர்களின் தளபதியாக இருந்து, மதுரையை ஆண்டு, அவர்களையே எதிர்த்து நின்ற யூசுப்கானை 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிட்டது அந்தப் பகுதியில்தான். கயிறு இரண்டுமுறை அறுந்தது, உடலை வெட்டித் திசைக்கொன்றாக அனுப்பினார்கள் என்றெல்லாம் ஊரில் சொல்வார்கள். அவருக்கு அங்கே ஒரு தர்கா இருக்கிறது, போய்க் கும்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பங்கா தாத்தாவுக்கு அப்படி ஏதும் கிடையாது. பங்களாவில் யார் யார் குடியிருந்தார்கள் என்று துரைமார் பெயர்களை ஹாலில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அதில் தேடினால் அவர் அகப்பட மாட்டார். ரூம் பாய்கள் சொல்லும் கதையில் மட்டும்தான் இருக்கிறார்.

அதனால்தான் ஒரு டூர் ஏஜெண்ட் வந்து, விளக்கை அணைத்து, மெழுகுவத்தி ஏற்றி, வெள்ளைச் சேலையில் ஆள் நடக்கவிட்டு 'பேய் இரவு' நடத்தலாம் என்று கேட்டபோது எனக்குக் கோபமே வந்தது. இல்லாத துரைசானியை உண்டாக்கிக் காசு பார்ப்பதற்கு, இருந்த மனுசர்களை இன்னொருமுறை வராந்தாவுக்கு அனுப்ப வேண்டுமா? வேண்டாம் என்று மேனேஜரிடம் சொன்னேன். அவரும் கேட்டுக்கொண்டார். அதற்குப் பதிலாக, பேய் பற்றிக் கேட்கும் விருந்தினரைச் சாயங்காலம் டீக்குப் பிறகு நானே கூட்டிப்போவேன். கொக்கியைக் காட்டுவேன், துளையைக் காட்டுவேன், கடைசியாகப் பின்படி. பாதிப்பேர் வாய் ஓயாமல் கேள்வி கேட்பார்கள். சிலர் முகம் வாடிப் போவார்கள், அவர்கள் கேட்டு வந்தது இது இல்லை. பரவாயில்லை.

பிறகு புதுப்பிக்கும் வேலை வந்தபோது பிளானில் பின்படியை இடிப்பதாகப் போட்டிருந்தது. அண்ணனும் நானும் இன்ஜினியரிடம் போய்ப் பேசினோம். கதவை உள்பக்கம் செங்கல் வைத்து அடைத்துக்கொண்டார், புதுக் குளியலறைக்கு அது வேண்டியிருந்தது. படியில் கை வைக்கவில்லை. ஹோட்டலில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு, எந்தப் படி எதற்காகக் கட்டியது என்று அண்ணன்தான் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறார்.