எட்டாம் பின்

2013இல் நான் உயர்தர வகுப்பில் இருந்தபோது, பாடவேளை மணியைத் தானாக அடிக்க வைக்கும் வேலையை எங்கள் விஞ்ஞான மன்றம் மூன்று பேரிடம் தந்தது. கொழும்பிலிருந்து ஒரு ஆர்டுயினோ ஊனோ, அதாவது நிரல் எழுதி இயக்கும் சிறு மின்சுற்றுப் பலகை, வந்திருந்தது. அதன் எட்டாம் பின்னிலிருந்து (pin, வயர் கொழுவும் முனை) ஒரு வயரை நேரே 5 வோல்ற் ரிலேயின், அதாவது சுருளில் மின் ஓடினால் மணியின் சுற்றை இணைக்கும் ஆளியின், சுருளுக்குக் கொடுத்தோம். 'டிக்' என்று சத்தம் கேட்டதும் ஆய்வுகூடத்தில் நின்ற எல்லோரும் கைதட்டினார்கள்.

நாலாம் நாள் மணி அடிக்கவில்லை.

பௌதிகவியல் சேர் கோபிக்கவில்லை. மின்னழுத்தமும் மின்னோட்டமும் அளக்கும் மல்ரிமீற்றரைக் கொண்டுவந்தார். ரிலேயைக் கழற்றிவிட்டு அளந்தால் பின்னில் 5 வோல்ற் இருந்தது. "பின் நல்லாத்தானே இருக்கு சேர்" என்றேன். ஒரு சிவப்பு எல்.ஈ.டி.யையும் 220 ஓம் தடையையும் அதில் கொழுவச் சொன்னார். எல்.ஈ.டி. மங்கலாய் மினுங்கியது. மீற்றர் 2 வோல்றுக்குச் சற்று மேலே இறங்கி நின்றது. சும்மா இருக்கும்போது சுகமாய்த் தெரிந்த பின், சிறு சுமையைக்கூடத் தூக்க மாட்டாமல் இருந்தது.

பிறகு அந்தப் பலகையில் இருக்கும் ஏ.ரி.மெகா328பி சிப்பின் தரவுத்தாளை விரித்தார். ஒரு பின்னுக்கு உச்சம் 40 மில்லியம்பியர். எங்கள் சுருளின் தடை 70 ஓம். 5ஐ 70ஆல் பிரித்தால் 71 மில்லியம்பியர். பின்னின் உட்தடையால் முழுவதும் ஓடியிராது, ஆனாலும் 40ஐத் தாண்டித்தான் ஓடியிருக்கும். போதாததற்கு, ரிலே விடுபடும் ஒவ்வொரு முறையும் சுருள் திருப்பி அடிக்கும் மின்னழுத்தத்தை வாங்க மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோட்டு ஒன்றும் வைத்திருக்கவில்லை.

"தம்பி, 40 எண்டது அது தாங்கிற கடைசி எல்லை. அதில வைச்சு வேலை வாங்கக் கூடாது. 20க்குள்ள நில்லும்."

இன்று ரொறன்ரோவில் மின்சுற்றுப் பலகைகள் வடிவமைக்கிறேன். புதிய சிப் எது வந்தாலும் முதலில் திறப்பது அந்த உச்ச அளவு அட்டவணையைத்தான். ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகையின் 3.3 வோல்ற் பின்னில் 5 வோல்ற் சென்சரை யாராவது நேரே கொழுவப் போனால் கையைப் பிடித்து நிறுத்திவிடுவேன். மின்னோட்டம் குறைவாக இருந்தாலும் மின்னழுத்தம் மிஞ்சினால் பின் போய்விடும்.

அன்று பின்னேரமே சிப்பை மாற்றினோம். பின்னின் சிறு ஓட்டத்தால் சுருளின் பெரிய ஓட்டத்தைத் திறந்து மூட பி.சி.547 திரான்சிஸ்ரர் ஒன்று, அதன் பேஸ் என்ற கட்டுப்பாட்டு முனைக்கு 1 கிலோ ஓம் தடை, சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டயோட்டு. சேர் பின்னின் ஓட்டத்தை அளக்கச் சொன்னார். 4 மில்லியம்பியருக்குக் கொஞ்சம் மேலே. அந்த எண்ணை என் செய்முறைக் கொப்பியில் எழுதுவித்து, பக்கத்தில் கையெழுத்தும் வைத்தார். மறுநாள் முதலாம் பாடத்துக்கு மணி அடித்தது.