கொப்பியில் எழுதிய பசி

புற்றுநோயால் குரல்வளையை எடுத்த பிறகு அந்த ஐயாவுக்குப் பேச்சில்லை. மடியில் எப்போதும் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி இருக்கும். இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்தவர். முதலில் தெல்லிப்பழையில் கதிர்ச்சிகிச்சை, புற்று திரும்பி வந்ததால் பிறகு சத்திரசிகிச்சை. பத்தாம் நாளளவில் கழுத்துத் தையல் ஓரம் துவாரம் விழுந்து, விழுங்கிய எச்சில் வெளியே வரத் தொடங்கியது. ஃபிஸ்டுலா. கதிர் பட்ட கழுத்தில் இது புதினமில்லை. இரத்த ஓட்டம் குறைந்த தசை லேசில் ஒட்டாது.

கிழமைக்கு இரண்டு முறை கிளிநொச்சியில் என்னிடம் ட்ரெஸ்ஸிங்குக்கு வருவார். மற்ற நாட்களில் மனைவி செய்வார். துவாரத்துக்குக் கீழேதான் மூச்சுத் துளை. எச்சில் அதற்குள் இறங்கினால் இருமல், அப்புறம் நெஞ்சில் சளி, காய்ச்சல். அதனால் குடல் ஒப்பரேஷன் செய்தவர்களுக்கு ஒட்டும் பையில் சிறியதொன்றை வெட்டி ஒட்டி எச்சிலை அதற்குள் பிடித்தேன். பை ஒட்டாத இடத்தில் தோல் வேகாமலிருக்க சிங்க் ஒக்சைட் களிம்பு. நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் குளிசைப் பொடி. துளி இரத்தம் வந்து தானாக நின்றாலும் விடியும் வரை காத்திருக்காமல் வரச் சொல்லியிருந்தேன். கழுத்தின் பெரிய நாடி வெடிப்பதற்கு முன் அப்படித்தான் எச்சரிக்கும்.

3 கிழமையில் தோல் தெளிந்தது, நாற்றம் போனது, துவாரம் மட்டும் அப்படியே. தைரொயிட் குறைந்தாலும் புண் ஆறாது என்று அதையும் பார்த்தோம், சரியாக இருந்தது. மார்புத் தசையைத் திருப்பி மூடலாம் என்று டொக்டர் யோசிக்கத் தொடங்கினார். அன்று ஐயா கொப்பியை என் பக்கம் தள்ளினார்.

"பசிக்குது."

சாரத்தை அவர் இரண்டு சுற்று மடித்துக் கட்டியிருந்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாளும் நிறுக்கவில்லை. மூக்குக் குழாயால் என்ன கொடுக்கிறீர்கள் என்று மனைவியிடம் அன்றுதான் கேட்டேன்.

"கஞ்சித் தண்ணிதான் மிஸ்ஸி. மீன், முட்டையெல்லாம் கிரந்தியெல்லோ, புண் சீழ் வைக்கும்."

கோபிக்க எனக்கு முகமில்லை. என் சிசேரியனுக்குப் பிறகு அம்மா கத்தரிக்காயைக் கண்ணிலும் காட்டவில்லை, நானும் பேசாமல் இருந்தேன். புரதம் பற்றிச் சொன்னதெல்லாம் ஐயாவின் மனைவியிடம் எடுபடவில்லை. கடைசியில், "பிள்ளை பெற்றவளுக்குச் சுறா கொடுக்கிறீர்கள்தானே, அவளுக்கும் உள்ளே புண்தானே?" என்றேன். கொஞ்சநேரம் யோசித்தார். சுறாவுக்குச் சம்மதம் வந்தது. அதன்பின் பயறு, பால், ஒரு மாதிரியாக முட்டையும். அவித்து, அரைத்து, துணியில் வடித்து, கொடுத்து முடிந்ததும் குழாயைத் தண்ணீரால் கழுவி, ஐயாவை நிமிர்த்தி உட்கார வைப்பது வரை மனைவியே செய்தார்.

துவாரம் மெல்லச் சுருங்கியது. ஒருநாள் டொக்டர் மெதிலீன் புளூ கரைத்த தண்ணீரை ஒரு மிடறு விழுங்க வைத்தார். கழுத்தில் வைத்த கோஸின் ஓரத்தில் நீலம் தெரிந்தது. இரண்டு கிழமை கழித்து மறுபடியும் செய்தபோது கோஸ் வெள்ளையாகவே இருந்தது. ஐயா கொப்பியை எடுத்து எழுதினார்: கத்தரிக்காய்க் குழம்பு.

மனைவி எட்டிப் பார்த்தார். "அது மட்டும் இப்ப வேண்டாம் மிஸ்ஸி, சொல்லுங்கோ."